சக்கரம் சுற்றட்டும்: பழைய கார் பந்தயத்தில் படம் எடுக்க

செப்பாங் பந்தய ஓடுபாதையில் பழைய கார்கள் ஓடும் நாள் முடிந்தால் அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வந்து குவியும். சாலாக், சுங்கை பெலேக், டெங்கில், பந்திங் என்று சுற்றியிருக்கும் எஸ்டேட் ஊர்களிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் நம் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்கள் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. கார் கூர்மையாக இருக்கும், பெயிண்ட் பளிச்சென்று இருக்கும், சக்கரத்தின் ஆரக்கால்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். உயிரைக் கொடுத்து ஓடிய மினி கார், ஒட்டுக்கடை வாசலில் நிறுத்திவைத்த மினி போலத் தெரியும்.

இதற்குக் காரணம் ஷட்டர் வேகம், அதாவது படம் எடுக்கும்போது ஷட்டர் எத்தனை விநாடி திறந்திருக்கிறது என்பது. பந்தயம் என்றாலே 1/1000 என்று யாரோ சொல்லிக்கொடுத்து, அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தவறு எங்கே என்று தெரியும். மினியின் சக்கரம் 10 அங்குலம். டயரோடு சேர்த்தால் சுற்றளவு சுமார் ஒன்றரை மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 27.8 மீட்டர், அந்த வேகத்துக்குச் சக்கரம் விநாடிக்கு 18 சுற்றுச் சுற்றவேண்டும். 1/1000 விநாடியில் அது 6, 7 டிகிரிதான் திரும்பும். கண்ணுக்கு அது நின்ற சக்கரம்தான். 1/125-இல் 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் திரும்பும். 1/60-இல் ஏறக்குறைய 110 டிகிரி.

பழைய பந்தயக் கார்களில் அதிகம் பார்க்கும் மினிலைட் சக்கரத்துக்கு எட்டு ஆரக்கால். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே 45 டிகிரி. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் சக்கரம் 45 டிகிரிக்கு மேல் திரும்பிவிட்டால் ஆரக்கால்கள் ஒன்றோடொன்று கலந்து முழு வட்டமாகத் தெரியும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். நேர்ப்பாதையில் 100-இல் போகும் மினிக்கு 1/125 போதும். அதே மினி வளைவில் 60-க்கு இறங்கினால் 1/125-இல் 30 டிகிரிதான் திரும்பும். சக்கரம் நின்றதாகவும் தெரியாது, சுற்றியதாகவும் தெரியாது, கை ஆடிப்போன படம் மாதிரி இருக்கும். அங்கே 1/60 வேண்டும். பெரிய சக்கரம் போட்ட கார் என்றால் அதே வேகத்தில் சுற்று குறையும், அதனால் ஷட்டரை இன்னும் ஒரு படி மெதுவாக்கவேண்டும்.

இன்றைய ஜிடி கார்களைப் படம் எடுப்பவர்கள் எழுதும் குறிப்புகளில் 1/250, 1/320 என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கார்களின் வேகத்துக்கு அது சரி. டட்சன் 1200-க்கும் கரோலா கேஇ20-க்கும் அந்த எண்களைப் போட்டால் சக்கரம் நின்றுவிடும். கார் மெதுவாகப் போகப்போக ஷட்டரும் மெதுவாகவேண்டும். பழைய கார் படத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஷட்டரை இறக்கியவுடன் அடுத்த தொல்லை வரும், நம் ஊர் வெயில். ஒளியைக் கேமரா எவ்வளவு உணரவேண்டும் என்பதை ஐஎஸ்ஓ சொல்லும், லென்ஸ் துளையின் அளவை எஃப் எண் சொல்லும்; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். ஐஎஸ்ஓ 100-இல், நல்ல வெயிலில், எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/100 ஆகும். 1/60-க்கு இறங்கினால் எஃப் 20 வேண்டும். 1/30 என்றால் எஃப் 29-க்குப் பக்கத்தில் போகவேண்டும். பல லென்ஸ்களில் அந்த இடமே கிடையாது. கிடைத்தாலும் எஃப் 16-ஐத் தாண்டினால் இரண்டு கெடுதல். ஒளி சின்னத் துளை வழியாகச் சிதறி, படம் முழுக்க மெல்லிய மழுக்கல் வரும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் வானத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். எஸ்டேட் மண்சடக்கில் மோட்டாரில் கேமராவைக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்தப் புள்ளிகள் நன்றாகவே பழக்கமாகியிருக்கும். இதற்கு மருந்து என்டி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் போடும் கறுப்புக் கண்ணாடி. ஒளி பாதியானால் ஒரு ஸ்டாப் குறைந்தது என்போம். மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி 8 ஒன்று இருந்தால் 1/60-க்கு எஃப் 7.1, 1/30-க்கு எஃப் 10 என்று லென்ஸ் நன்றாக வேலை செய்யும் இடத்துக்கு வந்துவிடும். பணம் போதாதென்றால் போலரைசர் ஃபில்டரை மட்டும் வாங்குங்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைக்கும், பந்தயக் கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் பேடொக்கில் வேறொரு வேலைக்கும் உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கைப்பேசியோடு போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான், இன்னும் கடுமையாக. கைப்பேசி லென்ஸின் துளை மாறாது, பெரும்பாலும் எஃப் 1.8-ஐ ஒட்டி இருக்கும். ஐஎஸ்ஓ 50 வைத்தாலும் நடு வெயிலில் அது 1/4000-க்குப் பக்கத்தில்தான் படம் எடுக்கும். அதனால்தான் கைப்பேசிப் படத்தில் எல்லாக் காரும் நிறுத்திவைத்த கார்தான். ஷட்டரை நாமே வைக்கும் புரோ மோடில் 1/60 வைத்தால் ஆறு ஸ்டாப் அதிகமாகிப் படம் வெளுத்துப்போகும். கவ்விவைக்கும் என்டி 64 ஃபில்டர் போட்டால் அந்த ஆறு ஸ்டாப்பும் சரியாகிவிடும்.

இனி காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் வேலை. பேனிங் என்கிறோமே, அது காலில் தொடங்குகிறது. எந்த இடத்தில் படம் வேண்டுமோ அந்த இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். பாதங்களை அசைக்காமல், கார் வரும் பக்கம் இடுப்பை மட்டும் திருப்புங்கள். இப்போது உடம்பு முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். கார் நெருங்க நெருங்க முறுக்கு அவிழும்; நீங்கள் குறித்த இடத்துக்குக் கார் வரும்போது உடம்பு நேராகி, அந்த நொடியில் ஆட்டம் குறைவாக இருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கார் வரும் பக்கம் பாதத்தை வைத்துக்கொண்டு, நல்ல இடத்துக்குக் கார் வரும்போது உடம்பை முறுக்கி எட்டிப்பிடிக்கிறார்கள். முறுக்கிய உடம்பு நடுங்கத்தான் செய்யும்.

முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். இடக்கை லென்ஸைக் கீழிருந்து தாங்கட்டும். ஃபோகஸ் புள்ளி ஒன்றையோ சின்னக் கூட்டத்தையோ தேர்ந்தெடுத்து, காரின் ஏதாவது ஓர் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஓட்டுநரின் கதவுக் கண்ணாடி ஓரம் நல்ல இடம். முன்பம்பர் வேண்டாம், குரோமில் வெயில் பட்டு மின்னினால் ஃபோகஸ் தடுமாறும். தொடர் ஃபோகஸ் இருக்கவேண்டும்: நிக்கானில் ஏஎஃப்-சி, கேனனில் ஏஐ சர்வோ. கேனன் லென்ஸில் கை ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசருக்கு இரண்டு மோடு இருந்தால் இரண்டாவதை வையுங்கள். அது மேல்-கீழ் ஆட்டத்தை மட்டும் பிடித்து, பக்கவாட்டில் நீங்கள் திருப்புவதை விட்டுவிடும். முதல் மோடு சில லென்ஸ்களில் உங்கள் திருப்பலோடு மல்லுக்கட்டும்.

கார் தூரத்தில் வரும்போதே பிடித்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒன்றிரண்டு விநாடி அதோடு போய், வேகம் கைக்குப் பழகிய பிறகு மூன்று முதல் ஐந்து படம். படம் எடுத்ததும் நிறுத்தக்கூடாது. கார் போகும் பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் திருப்பிக்கொண்டே போகவேண்டும். பட்டனை அமுக்கிய கையோடு கேமரா நின்றுவிடுவதுதான் புதிதாகப் பழகுகிறவர்களின் படம் கெடுவதற்கு முதல் காரணம்.

எங்கே கெட்டது என்று படமே சொல்லும், படிக்கத் தெரியவேண்டும். பின்னணியில் ஏதாவது ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கும்: செம்பனை ஓலை நடுவே தெரியும் வானம், வேலிக் கம்பத்தின் ஆணி, தூரத்தில் நிற்கும் கார்க் கண்ணாடி. பேனிங்கில் அந்தப் புள்ளி கோடாக நீண்டிருக்கும். உங்கள் கேமரா போன வழி அதுதான். திரையில் பெரிதாக்கி அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள். நெளிந்திருந்தால் கை நடுங்கியிருக்கிறது. நுனியில் கொக்கி போல வளைந்திருந்தால் பட்டனைக் குத்தி அமுக்கியிருக்கிறீர்கள். நேராக இருந்து, ஆனால் தரையைவிட்டுச் சாய்ந்திருந்தால் ஒரு தோள் இறங்கியிருக்கிறது. கோடு சுத்தமாக நேராக இருந்தும் கார் மங்கலாக இருந்தால் உங்கள் வேகமும் கார் வேகமும் ஒத்துப்போகவில்லை. கொஞ்ச நேரம் முன்னாலேயே காரைப் பிடிக்கவேண்டும். கோடே இல்லாமல் புள்ளி புள்ளியாகவே இருந்தால் கேமரா நின்றுவிட்டது. பத்துப் படத்தை இப்படிப் படித்தால் அடுத்த சுற்றில் எதைத் திருத்தவேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதைப் பழக டிக்கெட் வாங்கிச் செப்பாங் போகத் தேவையில்லை. எஸ்டேட் பக்கத்துத் தார்ச்சடக்கு போதும். செம்பனைக் குலை ஏற்றிப்போகும் பழ லோரி, பள்ளிக்கூட பஸ், காப்சாய் மோட்டார் எல்லாம் பந்தயக் கார்தான். 50-இல் போகும் வண்டியை 1/30-இல் எடுப்பதும் 100-இல் போகும் வண்டியை 1/60-இல் எடுப்பதும் கணக்கில் ஒன்றே. சடக்கு ஓரத்தில் நிற்காதீர்கள். சடக்கோரக் கால்வாயான லோங்காங்குக்கு அந்தப் பக்கம், இருபது மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஒரு சாயங்காலத்தில் 200 படம் எடுத்து, எல்லாவற்றையும் வெளிச்சக் கோடு பார்த்துப் படித்து அழித்துவிடுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தவருக்கும் நேரே பந்தயத்துக்குப் போனவருக்கும் வித்தியாசம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டே நின்றால் படம் பெரிதாக வரும் என்று வேலியை ஒட்டி நிற்கிறோம். 60-இல் போகும் காரை 20 மீட்டரிலிருந்து பிடிக்க, அது உங்களுக்கு நேரே வரும் நொடியில், விநாடிக்கு 48 டிகிரி திரும்பவேண்டும். 40 மீட்டருக்குப் போனால் அது பாதியாகிவிடும். தள்ளி நின்று 70-300 லென்ஸின் நீளமான முனையில் எடுப்பது பழகுகிறவர்களுக்கு எளிது.

எங்கே நிற்பது என்பது அதைவிடப் பெரிய விஷயம். வளைவுக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதில் படத்தின் கூர்மையே மாறிவிடும். வெளிப்பக்கம் நின்றால் கார் உங்களைக் கடக்கும்போது அதன் முகமும் திரும்பிக்கொண்டே போகும். மூக்கு ஒரு வேகத்தில் நகரும், வால் இன்னொரு வேகத்தில். 1/60-இல் மூக்கு கூர்மையாகவும் வால் கலங்கியும் வரும். உள்பக்கம், வளைவின் மையத்தை ஒட்டி நின்றால் கார் உங்களைச் சுற்றி வருவதுபோல இருக்கும். தூரம் மாறாது, கோணம் மாறாது, ஃபோகஸும் அதிகம் அலையாது. மூக்கிலிருந்து வால்வரை கார் முழுதாகக் கூர்மையாக வரும்.

செப்பாங் ஓடுபாதை 1999-இல் திறந்தது, 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பிரதான இருக்கை மண்டபம் இரண்டு நீளமான நேர்ப்பாதைகளுக்கு நடுவே நிற்கிறது. கடைசி வளைவான 15, அந்த மண்டபத்தின் முனையைச் சுற்றி இடப்பக்கம் திரும்புகிறது. அதாவது, மண்டபத்தின் அந்த முனையில் உட்கார்ந்தால் நீங்கள் வளைவுக்கு உள்பக்கம் இருக்கிறீர்கள். உயரமும் கிடைக்கிறது, வேலிக்கு மேலாகப் பார்க்கலாம். கார்கள் அங்கே நன்றாக வேகம் குறைத்துத் திரும்புகின்றன. பேனிங்குக்கு அந்த வளைவைத்தான் நான் முதலில் சொல்வேன். நீண்ட நேர்ப்பாதை முடிந்து வலப்பக்கம் மடங்கும் முதல் வளைவிலும், உடனே இடப்பக்கம் மடங்கும் இரண்டாவதிலும் பந்தயம் தொடங்கிய முதல் சுற்றில் கார்கள் கொத்தாக வரும். அந்த ஒரு சுற்றுக்கு அங்கே இருப்பது நல்லது. எந்த இருக்கைப் பகுதி திறந்திருக்கும் என்பது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பி வேலி வழியாக எடுக்கத்தான் வேண்டும் என்றால், வெயில் படாத நிழல் பக்கக் கம்பியைத் தேடுங்கள். வெயில் பட்ட கம்பி வெள்ளைப் புகையாகப் படம் முழுக்கப் படியும். லென்ஸை வேலியோடு ஒட்டி, எஃப் 4 அல்லது 5.6 வைத்தால் கம்பி கரைந்துவிடும். வெயில் நேரத்தில் மெதுவான ஷட்டரும் பெரிய துளையும் சேர்ந்து கிடைப்பதற்கு மறுபடியும் அதே என்டி ஃபில்டர்தான் வழி.

பழைய கார் படத்துக்கென்றே ஒரு பகை உண்டு, பின்னணி. 1960-களின் லோட்டஸ் கார்ட்டினாவுக்குப் பின்னால் புதிய வங்கி விளம்பரப் பலகை நின்றால் கண் காரை விட்டுப் பலகைக்குப் போய்விடும். முதலில் பின்னணியைத் தேர்ந்தெடுங்கள், கார் தானாக அங்கே வரும். புல்மேடு, வானம், தூரத்துச் செம்பனை வரிசை இவை மூன்றும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். செப்பாங்கைச் சுற்றிச் செம்பனைக்குப் பஞ்சமில்லை. பலகையைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் 1/30-க்கு இறங்குங்கள். எழுத்துகள் எல்லாம் வண்ணக் கோடுகளாகக் கரைந்துவிடும். 1/30-இல் பத்துக்கு ஒன்று தேறினால் சந்தோஷப்படலாம். அதனால் அந்த வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளாமல், 1/125-இல் ஒவ்வொரு காரையும் ஒருமுறையாவது பத்திரமாக எடுத்து முடித்த பிறகு இறங்குங்கள்.

கார்களின் சுபாவம் தெரிந்தவருக்குப் படம் தானாக வந்து விழும். பழைய கார்கள் சாயும், தூக்கும், ஆடும். இன்றைய கார்களில் இதைப் பார்க்கவே முடியாது. மினி முன்சக்கரத்தால் இழுக்கிற கார். வேகமாக வளைவில் நுழைந்தால் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். அதைப் பிடிக்க, வளைவுக்கு உள்பக்கத்திலிருந்து, காரின் பின்பாதி தெரியும்படி கொஞ்சம் தாமதித்து எடுக்கவேண்டும். தார்ச்சாலைக்கும் டயருக்கும் நடுவே நிழலோடு ஓர் இடைவெளி விழும், அந்தக் கீற்றில்தான் படமே இருக்கிறது. லோட்டஸ் கார்ட்டினாவும் ஆல்ஃபா ரோமியோ ஜிடிஏவும் இதற்கு நேர் எதிர். அவை பின்சக்கரத்தால் தள்ளுகிற கார்கள். உள்பக்க முன்சக்கரத்தைத் தூக்கும். அவற்றை முன்பக்கம் தெரியும்படி, கொஞ்சம் முந்தியே எடுக்கவேண்டும். ஃபோர்ட் எஸ்கார்ட்டும் டொயோட்டா ஏஇ86-உம் வால் வீசும்போது முன்சக்கரங்கள் வளைவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். அந்த நொடிக்கு ஓட்டுநரின் கையைப் பாருங்கள். பழைய கார்களில் தூண் மெல்லியது, கண்ணாடி பெரியது; ஸ்டேரிங் எந்தப் பக்கம் போகிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.

கார் நேருக்கு நேர் உங்களை நோக்கி வரும்போது மட்டும் இதுவரை சொன்ன கணக்கு மாறும். சக்கரத்தின் பக்கம் தெரியாது, பின்னணியும் ஓடாது, அதனால் மெதுவான ஷட்டரால் லாபமில்லை. 1/500 வையுங்கள். இரண்டு மூன்று கார் முட்டிமோதி வருவதை 300 மி.மீ. லென்ஸில் நெருக்கிக் காட்டலாம்.

வெளிச்சத்தைப் பற்றி நம் நாட்டுக்கென்று தனியாகச் சொல்லவேண்டும். ஐரோப்பாக்காரர்கள் எழுதிய குறிப்புகள் இங்கே உதவாது. செப்பாங் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரிகூட வடக்கே இல்லை. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். நம் கடிகாரத்தில் உச்சி வேளை 12 மணிக்கு இல்லை, ஒரு மணிக்குப் பிறகுதான். பதினொன்றிலிருந்து மூன்றரைவரை கூரை மட்டும் வெளுத்து, கதவும் சக்கரமும் கறுத்துக் கிடக்கும். ஓட்டுநர் முகம் குகைக்குள் இருப்பது மாதிரி. ஏழே முக்காலிலிருந்து ஒன்பதரைவரை, திரும்ப ஐந்திலிருந்து ஏழுவரை, வெயில் பக்கவாட்டில் விழும். காரின் உடல் வளைவுகள் அப்போதுதான் தெரியும். காலையில் பயிற்சி ஓட்டம்தானே என்று பத்து மணிக்கு மேல் போகிறவர்கள் அந்த நாளின் நல்ல வெளிச்சத்தில் பாதியை இழந்துவிடுகிறார்கள். பயிற்சி ஓட்டத்திலும் அதே கார்தான், அதே வேகந்தான், கூட்டம் மட்டும் இல்லை.

நடுப்பகலில் இன்னொரு கேடு, கானல். தார் சூடேறி மேலே கிளம்பும் காற்று, 400 மி.மீ. லென்ஸில் தூரத்துக் காரைத் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியவைக்கும். லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று பயப்படுவார்கள். எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இது தீராது. உயரமான இடத்துக்குப் போங்கள், நடுவே இருக்கும் தார்ப்பரப்பைக் குறையுங்கள். முடியாவிட்டால் அந்த நேரத்தைப் பேடொக்குக்குக் கொடுத்துவிடுங்கள்.

மழையை விரட்டாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழை ரொம்பச் சகஜம். இடி கேட்டால் முதலில் கூரைக்குள் போய்விடவேண்டும், அதில் பேச்சே இல்லை. மழை விட்டு, ஓட்டம் திரும்பத் தொடங்கியபின் கிடைக்கும் அரை மணி நேரம் பொன்னான நேரம். தார் கண்ணாடியாகி, வட்ட விளக்குகள் தரையில் நீளமாக விழும். டயர் கிளப்பும் நீர்த்திவலை 1/250-இல் முத்துமுத்தாகவும் 1/60-இல் புகையாகவும் வரும். எனக்கு 1/60-தான் பிடிக்கும். கேமராவுக்கு மழைக்கோட்டு வாங்கத் தேவையில்லை. தடித்த பிளாஸ்டிக் பையின் அடியில் ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூடில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினால் போதும். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், உங்களுக்கும் ஒரு கை போய்விடும்.

ஏர்கோன் காரில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வந்து, இறங்கியதும் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்கப் பனி பூத்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான் ஆகும். துடைத்தால் மறுபடி பூக்கும். லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளேயே போய்விடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கேமராப் பையை ஏர்கோன் காற்றுப் படாத, காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, நிழலில் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். பனி பையின் வெளியே பூத்துக் காய்ந்துவிடும்.

பேடொக்கில் பழைய கார்களின் பானெட் திறந்திருக்கும். இரட்டை வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டரின் நான்கு ஊதுகுழல் வாய்கள், தோல் பட்டை போட்டு இறுக்கிய மூடி, வெள்ளை வட்டத்தில் எழுதிய எண், ஸ்மித்ஸ் மீட்டர்கள், இவற்றையெல்லாம் கிட்டே போய் எடுக்கலாம். முதலில் சொந்தக்காரரைக் கேளுங்கள். கேமரா வாரையும் பெல்ட் பக்கிளையும் பின்னால் தள்ளிவிட்டுக் குனியுங்கள். பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் அந்த நிறத்தைத் திரும்பக் கலப்பது பட்டறைக்காரருக்கு லேசான காரியம் இல்லை.

போலரைசர் இங்கேதான் வேலைக்கு வரும். கண்ணாடியிலும் பெயிண்டிலும் தெரியும் வானத்தின் பிரதிபலிப்பை அது நீக்கும். கண்ணாடியை நேரே பார்த்து எடுத்தால் பலன் இல்லை. அப்படி நேரே பார்க்கும் கோட்டிலிருந்து 55 டிகிரி அளவுக்குச் சாய்வாக நின்று, ஃபில்டரைத் திருப்பிக்கொண்டே பாருங்கள், சட்டென்று உள்ளே சீட்டு தெரியும். குரோம் பம்பரில் மட்டும் அது வேலை செய்யாது. வெறும் உலோகத்தின் மினுக்கத்தைப் போலரைசரால் நீக்கமுடியாது; அங்கே நிற்கும் இடத்தை மாற்றுவதே வழி. பக்கக் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் சிறுத்தைப் புள்ளி மாதிரி திட்டுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். கடினமாக்கிய கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் போலரைசரில் அப்படித் தெரியும். ஃபில்டரைக் கொஞ்சம் திருப்பினால் மங்கும்.

கூரைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை மினுக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பட்டை போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கழிப்பது. ஒவ்வொரு படத்திலும் மூன்று இடத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஓட்டுநரின் ஹெல்மெட், கதவில் இருக்கும் எண், முன்சக்கரம். முதல் இரண்டும் கூர்மையாக, மூன்றாவது வட்டமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் நின்றிருந்தால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் நான் கழித்துவிடுவேன். பழைய கார் என்பதால் படத்தைப் பழுப்பாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்தக் காலத்து ஆரஞ்சு, கடுகு மஞ்சள், பாசிப்பச்சை இன்றைய கார்களில் கிடைக்காது. அதைக் கழுவிவிட்டால் பாதிக் கார் போனமாதிரி.

படத்துக்குக் கீழே எழுதும் பெயரைச் சரியாக எழுதுங்கள். மினியெல்லாம் மினி கூப்பர் ஆகாது. கதவின் கீல் வெளியே தெரிந்தால் பெரும்பாலும் 1969-க்கு முந்தைய வடிவம். டட்சன் 1200 வேறு, 120ஒய் வேறு. எஸ்கார்ட்டின் முதல் வடிவத்தில் முன்கிரில் நாய்க்கு வரையும் எலும்பு மாதிரி நடுவில் மெலிந்திருக்கும், இரண்டாவது வடிவம் நேர்க்கோடும் சதுரமுமாக இருக்கும். 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவுக்கும் இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அதைப் பழைய காராக எண்ணிப் படம் எடுத்துவைக்கும் நேரம் வந்துவிட்டது. 1968-இல் திறந்த பத்து தீகா பந்தயத்திடல் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். அங்கே ஓடிய கார்களைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காரின் வடிவத்தில் சந்தேகம் வந்தால் படத்தை அவர்களிடம் காட்டுங்கள், விளக்கின் வட்டத்தைப் பார்த்தே வருடம் சொல்பவர்கள் உண்டு.

கடைசியாகக் கேமராவைத் துணிப்பையிலேயே போட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அன்றைய வியர்வையும் மழையும் வாரில் இருக்கும். வாரைக் கழற்றித் தனியாகக் காயவையுங்கள். செம்மண் தூசியைத் துணியால் தேய்க்காமல், லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதுபந்தால் ஊதிய பிறகே துடையுங்கள். மண்துகள் கண்ணாடியைக் கீறும். பிறகு டிரை பாக்ஸ், ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் நடுவே. டிரை பாக்ஸ் இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும், சின்ன ஈரமானி ஒன்றும் போதும். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டாம், அதன் மாவுத்தூசி லென்ஸ் வளையங்களுக்குள் போய்விடும். ஈரமானி 60-ஐத் தாண்டும்போது ஜெல்லை மாற்றுங்கள், அதற்கு மேல் போனால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.